நான்கு நொடி நிறுத்தம்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

ஐந்து வருடம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை, அதனால் நலமா என்று கேட்கப்போவதில்லை. போன் பண்ணியிருக்கலாம். உன் குரல் காதில் விழுந்தால் கத்திவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எழுதினால் அடித்துத் திருத்தலாம். இதற்குள் மூன்று தாள் கிழித்தாகிவிட்டது.

நீ வாண்டு என்று பெயர் வைத்தாயே, என் மகள், அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. லைசென்ஸ் வாங்கிவிட்டாள். கல்லூரிக்கு அவள் அப்பாவின் காரில்தான் போவாளாம். உன் அத்தான் போனதிலிருந்து ஷெட்டில் உறைக்குள் கிடந்த வண்டி. விற்கவும் மனசு வரவில்லை, உறையைத் தூக்கிப் பார்க்கவும் மனசு வரவில்லை. பேட்டரியும் டயர்களும் மாற்றியதும் ஓடுகிறது. முதல் நாள் அது ஷெட்டை விட்டு வெளியே வந்தபோது நான் அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வந்தார். புது ஓட்டுநர், பதினெட்டு வயசு என்றதும் பிரீமியம் மூன்று மடங்கு சொன்னார். எனக்கு மயக்கமே வந்தது. கறுப்புப் பெட்டி ஒன்று மாட்டிக்கொண்டால் குறைப்பார்களாம். டிஃபன் பாக்ஸ் மூடி அளவுதான் இருக்கும். வண்டி எங்கே போகிறது, எவ்வளவு வேகம், எங்கே பிரேக், எங்கே எஞ்சின் நின்றது எல்லாம் அதில் பதிவாகி மாதாமாதம் அறிக்கையாக வரும். சரி, மாட்டுங்கள் என்றேன்.

கூடவே ஒரு படிவம். தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு வண்டியில் செய்த மாற்றங்கள் என்னென்ன, யார் செய்தது, எப்போது, எதற்காக. "மறைச்சா நாளைக்கு ஒரு விபத்துன்னு வரும்போது ஒரு பைசா வராது மேடம். பொண்ணு ஓட்டறா, பாத்துக்குங்க" என்றார். அந்தக் காரில் நீ கை வைக்காத இடம் ஏதாவது உண்டா? பட்டியல் எழுதி அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 15

அக்காவுக்கு,

கடிதத்தை இங்கே சர்வீஸ் சென்டரில் எல்லோர் முன்னாலும் பிரித்துவிட்டேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார ஸ்டூல் தேடினேன். எலக்ட்ரிகல் பிரிவுக்கே தலைவன், ஸ்டூல் தேடுகிறான்.

பட்டியல் இதோ. முன் விளக்குகளை மாற்றியது நான். எதிரே வருகிறவனெல்லாம் அத்தானைத் திட்டுவான், அவர் என்னைத் திட்டுவார். சைலன்சரை மாற்றியதும் நான்தான். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கவே இல்லை, எனக்குப் பிடித்தது. அவர் விற்கிற மூக்குக்கண்ணாடி ஃபிரேம் பெட்டிகளை அடுக்கப் பின் சீட்டில் பாதியைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்தோம். கதவுக் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம். ஹாரன் லாரி ஹாரன், அது வாண்டு கேட்டது, அப்போது அவளுக்கு ஒன்பது வயசு. ஸ்டீயரிங்குக்குத் தோல் உறை.

இவ்வளவுதான்.

வேறு எதுவும் எழுதக்கூடாது என்றாய். ஒன்றே ஒன்று. அவள் அந்த வண்டியை எடுப்பதற்கு முன் நான் ஒரு தடவை வந்து பார்த்துவிடுகிறேன். அரை நாள் போதும். நீ வீட்டில் இல்லாத நேரமாகச் சொன்னாலும் சரி. ஒயரிங் பழசு, அதற்காகத்தான்.

தம்பி


பிப்ரவரி 22

தம்பிக்கு,

பட்டியல் வந்தது. படிவத்தில் அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டேன். சைலன்சருக்கும் விளக்குக்கும் கொஞ்சம் கூட்டினார்கள். போகட்டும்.

நீ வர வேண்டாம்.

உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. அவர் போய் மூன்றாம் நாள். அவர் செருப்பு வாசலில் கழற்றிப் போட்டபடியே கிடக்கிறது. நான் சுவரில் சாய்ந்து கிடக்கிறேன். நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். என் தம்பி ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லப்போகிறான் என்று பார்த்தால், "அக்கா, கார் சாவி எங்க இருக்கு?" என்றாய். நான் தரமாட்டேன் என்றதும் ஷெட் பூட்டை உடைக்கப் பார்த்தாய். கூடியிருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அன்றைக்கு உன்னை நான் என்னவெல்லாம் சொன்னேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஒரு வார்த்தையைக்கூட நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போதும் உனக்கு அந்தக் கார்தான் தேவைப்படுகிறது. ஒயரிங் பழசாக இருந்தால் இங்கே ஆள் இல்லையா?

அக்கா


ஏப்ரல் 4

தம்பிக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

கறுப்புப் பெட்டியின் அறிக்கை வந்திருக்கிறது. வேகம் சரி, பிரேக் சரி, புது ஓட்டுநருக்கு மிக நல்ல மதிப்பெண்ணாம். ஆனால் ஒரு வரி. "ஓட்டத்தின் நடுவே எஞ்சின் நிற்றல், நான்கு நொடி." மார்ச் மாதத்தில் மட்டும் பதினோரு தடவை. பதினோரு தடவையும் ஒரே இடம். பள்ளிக்கூடச் சுவர் ஓரம், பிள்ளைகள் சாலையைக் கடக்கிற கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால்.

உன் அத்தானின் வண்டி அன்றைக்கு அவரோடு நின்ற இடம் அது.

கல்லூரிக்கு வேறு வழி பக்கம் என்றாலும் அவள் அந்த வழியாகத்தான் போகிறாள். அறிக்கையைக் காட்டினேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. "அப்பா நிறுத்தறாரும்மா" என்றாள், கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தேன் என்கிற மாதிரி. "அந்த எடம் வந்ததும் வண்டி லேசா இழுக்கும். நாலு இண்டிகேட்டரும் தானா அடிக்கும். அப்புறம் போம்மான்னு விட்டுடுவாரு."

அவளைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் நானும் கேட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஷெட்டுக்குள்ளிருந்து டிக், டிக், டிக் என்று சத்தம். அன்றைக்கு அவரைப் பார்க்க ஓடினேனே, அப்போது கேட்ட அதே சத்தம். அவர் தலை சாய்ந்து கிடக்கிறது, நான்கு விளக்கும் அடித்துக்கொண்டே இருக்கிறது. துணியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஷெட் கதவைத் திறந்தேன். வாண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். சாவி போட்டிருக்கிறது, எஞ்சின் ஓடவில்லை, இரண்டு கையும் மடியில். "நான் எதையும் தொடலைம்மா" என்றாள். அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. அதுதான் எனக்குப் பயம்.

இன்சூரன்ஸ்காரர்கள் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். பெட்ரோல் அல்லது மின் இணைப்பில் நாங்கள் தெரிவிக்காத மாற்றம் ஏதோ இருப்பதாகச் சந்தேகமாம். இருபது நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் காப்பீடு ரத்து. ஒரு நிறுவனம் ரத்து செய்தால் வேறு எவனும் இவளுக்குக் கொடுக்கமாட்டான் என்கிறார் ஏஜெண்ட்.

"இவ்வளவுதான்" என்று நீ எழுதியதை எடுத்துப் பார்த்தேன். அந்த வார்த்தையை ஒரு தடவை எழுதி அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறாய். கேட்கிறேன், சொல். அந்தக் காரில் வேறு என்ன இருக்கிறது?

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

இன்றைக்கே அவள் கையிலிருந்து சாவியை வாங்கி வைத்துக்கொள். அதை முதலில் செய்துவிட்டு மீதியைப் படி.

யார்: நான். எப்போது: அத்தான் இறப்பதற்கு ஒன்பது மாதம் முன்பு. எதற்காக என்பதைச் சொல்லக் கொஞ்சம் நேரமாகும்.

ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு அத்தான் என் பழைய ஷெட்டுக்கு வந்தார். டீ வேண்டாம் என்றார், அப்போதே எனக்குச் சந்தேகம். "டேய், ரெண்டு தடவ கண்ணு இருட்டிருச்சு. ஒரு தடவ மாடிப்படில. ஒரு தடவ வண்டியில, சிக்னல்ல நிக்கும்போது. பின்னாடி ஹாரன் அடிச்சாங்க, முழிச்சுக்கிட்டேன்" என்றார். அக்காவிடம் சொல்லுங்கள் என்றேன். "சொன்னா சாவிய வாங்கி வச்சுக்குவா. நாப்பது கடைக்கு ஃபிரேம் பெட்டியைத் தூக்கிட்டு பஸ்ல ஏறி எறங்க முடியுமா?" என்றார்.

அப்புறம் ஒன்று சொன்னார். அதை நான் எவரிடமும் சொன்னதில்லை. "அவ வேலையே இ.சி.ஜி. எடுக்கறது. தெனமும் எத்தனை பேர அந்தப் படுக்கையில படுக்க வைக்கிறா. என் நெஞ்சுல அவ ஒயர ஒட்டி, காகிதம் வெளிய வரும்போது அவ மூஞ்சிய நான் பாக்கணுமா?"

"எனக்கு ஒண்ணு ஆனா ஆவட்டும். வண்டி யார் மேலயும் ஏறக்கூடாது. அதுக்கு மட்டும் ஒரு வழி பண்ணு" என்றார்.

வழி பண்ணினேன். ஸ்டீயரிங் தோல் உறைக்குள் சுற்றி ஒரு மெல்லிய பட்டை வைத்துத் தைத்தேன். கை அதன் மேல் இருக்கும்வரை ஒன்றுமில்லை. மூன்று நொடி ஒரு கையும் இல்லையென்றால் பெட்ரோல் பம்ப் நிற்கும், நான்கு இண்டிகேட்டரும் அடிக்கும். மறுபடி கை வைத்தால் ஓடும். வண்டி கியரில் இருந்தால் இழுத்து இழுத்து நின்றுவிடும். இரண்டே நாளில் செய்து முடித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. செய்யமாட்டேன் என்று சொல்லியிருந்தால் அவர் ஓட்டுவதை விட்டிருப்பார், உன் இ.சி.ஜி. படுக்கைக்கு வந்திருப்பார். நான் அவருக்கு ஓட்டத் தைரியம் கொடுத்துவிட்டேன். இது ஐந்து வருடமாக என் கூடவே சாப்பிடுகிறது, என் கூடவே படுக்கிறது.

அன்றைக்குக் கார் பிள்ளைகளுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. கடைசி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினார் என்று ஊரே சொன்னது. நிறுத்தியது அவர் கை இல்லை அக்கா. அவர் கை நழுவியதும் நின்ற வண்டி அது.

மூன்றாம் நாள் சாவி கேட்டது காருக்காக இல்லை. அந்தப் பட்டையை எடுத்துவிட வேண்டும், உனக்குத் தெரியவே கூடாது என்றுதான். கடைசி மூச்சு என்கிற அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நீ முதல் தடவையாக ஒரு வாய் தண்ணீர் குடித்தாய். அதை உன்னிடமிருந்து பிடுங்க எனக்குத் தெம்பில்லை. நீ சொன்னதையெல்லாம் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். பிப்ரவரியில் கேட்டபோதும் அதையே நினைத்தேன், வந்து எடுத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல இருந்துவிடலாம் என்று. வாண்டுவின் உயிரை வைத்துச் சூதாடியிருக்கிறேன். பின்னால் ஒரு பேருந்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஷெட்டில் கேட்ட சத்தத்துக்கும் அதுதான் காரணம். சாவி போட்டுவிட்டுக் கையை மடியில் வைத்தால் அடிக்கும்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. புதிதாக ஓட்டுகிறவர்கள் ஸ்டீயரிங்கை விடவேமாட்டார்கள், இறுக்கிப் பிடித்து உள்ளங்கை வியர்க்கும். பதினோரு தடவையும் அதே இடத்தில் ஏன்? நான் வைத்த சுவிட்சுக்குப் பள்ளிக்கூடம் தெரியாது. விடுமுறை நாளில், சாலை காலியாக இருக்கும்போது, ஒரே ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து போ. அந்த இடத்தில் அவள் கை என்ன செய்கிறது என்று பார்.

தம்பி


ஏப்ரல் 12

தம்பி,

பத்து ஒயர். ஐந்து நிமிடம். சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தால் போதும். எத்தனை முன்பின் தெரியாதவர்களின் நெஞ்சில் அந்தக் கோணல் கோட்டைப் பார்த்து, ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறேன். அவர்களில் பலர் இன்றைக்கும் காய்கறி வாங்க வருகிறார்கள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கிய மனுஷனின் நெஞ்சை நான் பார்க்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கவிடவில்லை. நீ ஒரு ஒயர் போட்டாய், என்னைப் பத்துப் போடவிடவில்லை. உன்னை அடிக்க வேண்டும் போல இருக்கிறது. அவரையும் அடிக்க வேண்டும் போல இருக்கிறது, அதற்குத்தான் ஆளில்லை.

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போய் முதல் ஆளுக்கு ஒயரை ஒட்டும்போது கண்ணீர் அவர் மேலேயே விழுந்துவிட்டது. பாவம், தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று பயந்துவிட்டார்.

நீ சொன்னபடி இன்று காலை அவளோடு போனேன். எதுவும் சொல்லவில்லை, சும்மா வருகிறேன் என்றேன். சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. பள்ளிக்கூடச் சுவர் வந்தது. ஒரு கை ஏற்கனவே கியரில் இருந்தது. மற்றொரு கை மெதுவாக ஸ்டீயரிங்கை விட்டு இறங்கிப் போய் அந்தக் கையின் மேல் படுத்துக்கொண்டது. அவள் கண் சாலையில்தான் இருக்கிறது. வண்டி இழுத்தது, டிக் டிக் என்று அடித்தது. நான் அலறிக்கொண்டு ஸ்டீயரிங்கை எட்டிப் பிடித்தேன்.

"கையை எடுத்தியா?" என்றால், "நானா? இல்லையே" என்கிறாள். சத்தியமாக அவளுக்கே தெரியவில்லை.

ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்தையே கொடுத்தேன். படித்துவிட்டு அதை மடித்து என் மடியில் வைத்தாள். பிறகு ஒன்று சொன்னாள். சின்ன வயசில் அவள் அப்பா பக்கத்து சீட்டில் அவளை உட்காரவைத்து, கியர் மேல் அவள் கையை வைத்து, அதன் மேல் அவர் கையை வைத்து, "இப்ப ரெண்டு, இப்ப மூணு" என்று மாற்றுவாராம். பள்ளிக்கூடம் வரும்போது கடைசி கியர் மாற்றம், கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே வைத்திருப்பாராம்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னாள். ஐந்து வருடமாக என்னிடம் சொல்லாதது. கடைசி வருடம் சைக்கிளை இடித்துக் கார்க் கதவில் ஒரு கீறல் போட்டுவிட்டாள். அவர் அன்றைக்கு அப்படித் திட்டியதை நானும் கேட்டேன். இவளும் வீம்புக்கு, "இனிமே உங்க வண்டியில ஏறவே மாட்டேன்" என்று கத்தியிருக்கிறாள். "அவரு சரின்னுட்டாரும்மா. அதுக்கப்புறம் ஒரு தடவகூட வான்னு கூப்பிடல. பஸ்லயே போனேன். கோவம் தீராமலே போயிட்டாரு. இப்பதான் கூப்பிடறாருன்னு நெனச்சேன். அதுவும் மாமா வச்ச சுவிட்சாம்மா?"

இந்தக் கேள்விக்குப் பதிலை நீயே சொல்.

படிவம் மேசை மேல் இருக்கிறது. பன்னிரண்டு நாள் மிச்சம். உண்மையை எழுதினால் செய்தவர் பெயர் கேட்கும் இடத்தில் உன் பெயர் வரும். உன் வேலை என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எழுதாவிட்டால் இவளுக்குக் காப்பீடு இல்லை. உன் மேல் எனக்கு எத்தனை கோபம் இருந்தாலும் உன்னைக் கேட்காமல் எழுதமாட்டேன்.

அக்கா


ஏப்ரல் 15

அக்கா,

எழுது. என் பெயரை முழுசாக, முதலெழுத்தோடு எழுது. யோசிக்கவே வேண்டாம். ஐந்து வருடம் முன்பே எவனாவது இந்தப் படிவத்தை என் முன்னால் நீட்டியிருக்கலாம் என்று இருக்கிறது.

அகற்றிவிட்டதாகச் சான்றும் தர வேண்டியிருக்கும். நானே வந்து எடுக்கிறேன். வேறு ஆள் கை வைத்தால் பம்ப் லைனைக் குழப்பிவிடுவான். சனிக்கிழமை நீ டியூட்டியில் இருப்பாய் அல்லவா, அப்போது வருகிறேன். உன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் இல்லை.

தம்பி


ஏப்ரல் 20

அக்கா,

நேற்று வந்து போனேன். வாண்டு டீ போட்டுக் கொடுத்தாள், சர்க்கரை போட மறந்துவிட்டாள். இரண்டு பேருமே அதைச் சொல்லாமல் குடித்தோம். அவள் உயரம் பார்த்தால் அத்தான் எழுந்து வந்த மாதிரி இருக்கிறது. கதவில் அந்தக் கீறல் அப்படியே இருக்கிறது, பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்றாள்.

பட்டையை எடுத்துவிட்டேன். சான்று இதனுடன் இருக்கிறது. இன்னொரு காகிதமும் இருக்கிறது. அதை உட்கார்ந்துகொண்டு பிரி.

எந்த வண்டியில் ஒயர் வேலை செய்தாலும் ஃப்யூஸ் மூடிக்குப் பின்னால் ஒரு சீட்டு எழுதிச் செருகிவிட்டு வருவது என் பழக்கம். என்ன செய்தேன், எந்தக் கலர் ஒயர், எப்படிக் கழற்றுவது. அடுத்து திறக்கிறவன் திண்டாடக்கூடாது. அத்தானிடமும் காட்டினேன், "இங்க வச்சிருக்கேன் அத்தான்" என்று. அந்த மூடி கட்டைவிரலால் தள்ளினாலே திறக்கும்.

நேற்று எடுத்துப் பார்த்தேன். மேலே என் கையெழுத்து. கீழே பென்சிலில் அவர் கையெழுத்து. எனக்குத் தெரியவே தெரியாது, உன் மேல் சத்தியம். சுவிட்ச் வேலை செய்த ஒவ்வொரு தடவையும் தேதி போட்டுக் குறித்திருக்கிறார்.

முதலாவது, கடைத்தெரு, காலி ரோடு. இரண்டாவது, பெட்ரோல் பங்க் வாசல். மூன்றாவதில் தேதிக்குப் பக்கத்தில், "வாண்டு பக்கத்தில் இருந்தாள். நான் தூங்குகிற மாதிரி நடிக்கிறேன் என்று சிரித்தாள். இனி அவளை ஏற்றக்கூடாது." அதற்குக் கீழே, அதே வாரத் தேதியில், "கீறலைச் சாக்கு வைத்துத் திட்டிவிட்டேன். பஸ்ஸில் போகிறாள். சரி."

நான்காவது தேதிக்குப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. அதற்கு மேல் தேதிகள் இல்லை.

அவளிடம் நான் காட்டவில்லை. தாய் நீ, நீ முடிவு செய்.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

கொடுத்தேன். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றபடியே படித்தாள். திருப்பிப் படித்தாள். "கீறலுக்குக் கோவமே இல்லையாம்மா அவருக்கு?" என்றாள். "இல்லடி" என்றேன். சிரித்தாள், அப்படியே அது அழுகையாக மாறிவிட்டது, இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். அவளைத் திட்டிய அன்று இரவு அவர் சாப்பிடாமல் படுத்தது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. கீறலுக்குப் போய் இவ்வளவு கோபமா என்று நானும் நாலு வார்த்தை சொல்லியிருந்தேன்.

பிறகு அவள் ஷெட்டுக்குப் போய் பக்கத்து சீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் துணி மடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். டிக் டிக் சத்தம் வரவில்லை. வராதது எனக்கு என்னவோ செய்தது. அவரை இரண்டாவது தடவை எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது.

படிவத்தை எழுதி முடித்துவிட்டேன். யார், உன் பெயர். எப்போது, தேதி. எதற்காக என்ற இடத்தில், "வண்டி யார் மேலும் ஏறக்கூடாது என்பதற்காக" என்று எழுதினேன். கையெழுத்துப் போடும்போது அவருக்கும் சேர்த்துப் போடுவது போல இருந்தது.

பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகளைச் சாலை கடக்கவைக்கிற அம்மா இருக்கிறாரே, அன்றைக்கு எல்லாவற்றையும் பார்த்தவர், கடைசி மூச்சுக் கதையை முதலில் சொன்னவர். அவரிடமும் போய்ச் சொன்னேன். பொய்யைச் சுமக்க வேண்டாம் என்றுதான். அவர் கையிலிருந்த பலகையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அந்த மனுஷன் ஒம்பது மாசம் முன்னாடியே நிறுத்திட்டாரா!" என்றார்.

எனக்கு அது தோன்றவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

உன் மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்காதே. பாதி போயிருக்கிறது.

அக்கா


மே 11

அக்கா,

சர்வீஸ் சென்டரில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மறைக்கவில்லை. வேலை போய்விட்டது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் தூக்கம் வருகிறது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ஷெட் பிடித்திருக்கிறேன். என்னைத் தேடி முதலில் வந்தவன், வண்டியில் புது மாதிரி விளக்கு வேண்டும், இன்சூரன்ஸுக்குத் தெரியக்கூடாது என்றான். வாசலைக் காட்டினேன். இப்படியே போனால் பட்டினிதான், சிரிக்காதே.

வாண்டு எப்படி ஓட்டுகிறாள்?

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

மே மாத அறிக்கை வந்திருக்கிறது. கூடவே இன்சூரன்ஸ்காரர்களின் கடிதம். சாதனத்தை அகற்றியதாகச் சான்று தந்த பிறகும் அதே இடத்தில் எஞ்சின் நிற்பது பதிவாகிறதாம். முன்பு நான்கு நொடி, இப்போது சில நிமிடம். வண்டியில் வேறு மாற்றம் ஏதாவது உண்டா என்று கேட்கிறார்கள்.

பதில் எழுதிவிட்டேன். "வண்டியில் மாற்றம் எதுவும் இல்லை. ஓட்டுநர் சாலையோரம் ஒதுங்கி, தானே எஞ்சினை அணைத்து, சற்று நேரம் இருந்துவிட்டுப் போகிறார். இது எங்கள் குடும்பப் பழக்கம்." ஏஜெண்ட் படித்துவிட்டு, பழக்கத்தை எழுத அதில் இடமில்லையே மேடம் என்றார். ஓரத்தில் எழுதுங்கள் என்றேன்.

நேற்று என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன, அவ்வளவு ஒழுங்கு. சுவரோரம் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். என் கையை எடுத்துக் கியர் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்தாள். பிள்ளைகள் கடந்து போனார்கள்.

அப்போது நான்கு இண்டிகேட்டரும் டிக், டிக் என்று அடிக்கத் தொடங்கின. அவளுடைய இன்னொரு கையை நான் பார்க்கவில்லை. "நீ போட்டியா" என்று நான் அவளிடம் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. நான் வீட்டில் இருப்பேன். சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் அந்த வழியாகப் போவோம், நீ பின்னால் அந்தப் பாதி சீட்டில் உட்கார். அங்கே போனதும் சத்தம் கேட்கும். எந்த ஒயர் என்று மட்டும் குனிந்து பார்க்காதே.

அக்கா